நீலப்பூத் தட்டு

சிங்கப்பூர் புக்கிட் பாஞ்சாங்கில் புது வீடு கிடைத்து வந்த நாளிலிருந்து இயேசுதாசன் தன் வேலையைப் பற்றி யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. கேட்டால், "செம்பவாங்ல, பேஸ்ல" என்பார். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார். சட்டைப் பையில் இரண்டு பேனா, தேய்த்து மடிப்பு வைத்த கால்சட்டை, கையில் ஒரு தோல் பை. காலையில் மண்டாய் வழியாகப் போகும் பஸ்ஸுக்கு அவர் நடக்கிற நடையைப் பார்த்தால், கடற்படைத் தளத்துக் கப்பல் பட்டறையில் ஏதோ பெரிய கிராணி, ஆபிஸ் உத்தியோகஸ்தர் என்றுதான் யாருக்கும் தோன்றும். தோன்றட்டும் என்று அவரும் விட்டுவிட்டார். அந்தத் தோல் பைக்குள் இருந்தது மடித்து வைத்த ஏப்ரன்தான்.

அவர் சமையல்காரர். பதினாறு வயதில் வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரிகளின் சாப்பாட்டுக் கூடத்தில் உருளைக்கிழங்கு உரிக்கப் போனவர், உரிப்பதிலிருந்து அவிப்பதற்கும் அவிப்பதிலிருந்து வாட்டுவதற்கும் உயர்ந்தார். எழுபத்தொன்றில் வெள்ளைக்காரன் மூட்டை கட்டினான். பேஸில் இருந்த தமிழர்களில் பாதிப் பேர் ஊருக்குக் கப்பலேறினார்கள். தாசன் ஏறவில்லை. அங்கேயே தங்கிய நியூசிலாந்துப் படை அதிகாரி ஒருவர் வீட்டில் அடுப்படியைப் பிடித்துக்கொண்டார். ஒரு குடும்பம் நாடு திரும்பினால் அடுத்த குடும்பம் அவரையும் அடுப்பையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ளும். இயேசுதாசன் என்று எந்தத் துரைசானிக்கும் வாயில் நுழையவில்லை. "டாசன்" ஆகிவிட்டார்.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? திருடினாரா, யாரையாவது ஏமாற்றினாரா? ஆனால் வெட்கம் காரணம் கேட்டுக்கொண்டா வருகிறது! ஐம்பது வயது ஆளை உள்ளேயிருந்து மணியடித்துக் கூப்பிடுகிறார்கள். அவரும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுகிறார். இதை மனைவி ரூபி அறிவாள். வீட்டில் அவர் ஒரு முட்டைகூட உடைத்ததில்லை. அடுப்பங்கரைப் பக்கம் தலை காட்டினால் அக்கம்பக்கத்தார் கண்டுபிடித்துவிடுவார்களாம்.

அக்கம்பக்கம் என்றால் முதலில் நெய்னா முகம்மது வீடுதான். நெய்னா டன்லப் தெருவில் கைலிக் கடை வைத்திருந்தார். நாகூர்க்காரர், வாய் ஓயாத மனிதர், தாசனைவிட எட்டு பத்து வயது இளையவர். அவர் மனைவி மைமூன், மகள் ஜரீனா. லிஃப்டுக்குப் போக வேண்டுமானால் தாசன் அவர்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு முறையும், "தாசண்ணே, சாப்பிட்டாச்சா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்.

குடிவந்த வருஷம் நோன்புப் பெருநாளுக்கு மைமூன் ஒரு கண்ணாடித் தட்டில் வட்டிலப்பம் கொடுத்தனுப்பினாள். ஓரமெல்லாம் நீலப்பூ போட்ட தட்டு. ரூபி அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பாளா? தீபாவளி கொண்டாடாத வீடு என்றாலும் முறுக்குச் சுட்டு வைத்துக் கொடுத்தாள். அதிலிருந்து அந்தத் தட்டு எந்த வீட்டுத் தட்டு என்பதே மறந்துபோகும் அளவுக்கு இரண்டு வீட்டுக்கும் நடந்தது. ஒரு முறையும் வெறுமையாக நடக்கவில்லை.

மைமூன் முதலில் தயங்கியது உண்மைதான். கிறிஸ்தவர்கள் வீடு, என்னென்ன சமைப்பார்களோ. ரூபி அவள் கையைப் பிடித்துச் சொன்னாள்: "மைமூன், எங்க வீட்டு வாசப்படிய பன்னி இறைச்சி தாண்டாது. மாதா சத்தியமா சொல்றேன். நீங்க தைரியமா சாப்பிடுங்க." சொன்னபடியே இருந்தாள். தேக்கா மார்க்கெட்டில் நாகூர் கனி கடையில்தான் ஆட்டிறைச்சி, கோழி எல்லாம். கிறிஸ்துமஸுக்கு வேறு வீட்டிலிருந்து வந்த ஹாம் துண்டைக்கூட அவள் படியேற விடவில்லை.

எண்பத்தைந்தாம் வருஷம் ஈஸ்டருக்குத்தான் தாசன் தன் வேஷத்தைக் கலைத்தார். காரணம் ஒரு மின்சார அடுப்பு. மேசை மேல் வைக்கிற மாதிரி, கண்ணாடிக் கதவு போட்டது. துரைசானி தன் வீட்டுப் பழைய அடுப்பைச் சும்மா தருகிறேன் என்றாள். தாசன் வேண்டாம் என்றார். அதில் என்னென்னவோ வெந்திருக்கிறது. மைமூன் வீட்டார் வந்து சாப்பிடுகிற இடம். சிராங்கூன் சாலையில் புதிதாகவே வாங்கினார். வாங்கிவிட்ட பிறகு சும்மா இருக்க முடியுமா? ஈஸ்டர் ஞாயிறன்று மாடியில் இருக்கிற நாலு வீட்டாரையும் கூப்பிட்டு, அடைத்து வாட்டிய உருளைக்கிழங்கு போடுவது என்று முடிவு செய்தார். முப்பது வருஷமாக அடுத்தவன் வீட்டு மேசைக்குப் போன பண்டம் ஒரு நாள் தன் வீட்டு மேசைக்கு வரட்டுமே என்று ஓர் ஆசை.

அன்று அவரைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு கிழங்கு ஒரு கை நிறையும்படி பொறுக்கி வாங்கி வந்திருந்தார். தோலை உரிக்கக் கூடாது, தோல்தான் கிண்ணம். தேய்த்துக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, முள்கரண்டியால் சுற்றிலும் குத்தி, தோலில் கொழுப்பைத் தடவி, கல் உப்பில் உருட்டி, அடுப்பில் கம்பிமேல் அடுக்கினார். வெந்ததும் மேலே மூடி மாதிரி வெட்டி, உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுத்து, வெண்ணெய், பால், மிளகுத்தூள் போட்டு மசித்துத் திரும்ப அடைத்து, மறுபடியும் அடுப்பில் தள்ளினார்.

மேலே வைக்கிற சமாசாரத்தில்தான் அவர் மூளையெல்லாம் போனது. துரைசானி வீட்டில் மேலே பேக்கனை, அதாவது உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டுகளை, வறுத்துத் தூவுவார்கள். இங்கே அந்தப் பேச்சே கிடையாது. அதற்குப் பதில் இக்கான் பிலிஸ் என்கிற நெத்திலிக் கருவாட்டை மொறுமொறுவென்று வறுத்தார். நாகூர் கனியிடம் வாங்கிய ஆட்டுக் கைமா ஒரு கிண்ணம். வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டுப் பிரட்டிய சார்டின் ஒரு கிண்ணம். அவித்த முட்டையும் கொத்துமல்லியும் ஒன்று, துருவிய சீஸ் ஒன்று, கொண்டைக்கடலை மசாலா ஒன்று, தொட்டுக்கொள்ள சம்பால். "எல்லாம் மைமூன் சாப்பிடலாம்ல?" என்று ரூபியிடம் மூன்று தடவை கேட்டுக்கொண்டார்.

விருந்து களை கட்டியது. மைமூனுக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. அவளுக்கும் இரண்டு கிழங்கை நீலப்பூத் தட்டில் வைத்து ஜரீனா எடுத்துக்கொண்டு போனாள். நெய்னா மூன்றாவதில் கை வைத்திருந்தார்.

"என்னண்ணே இது! பேஸ்ல ஆபிஸ்ல இருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்?"

தாசன் சிரித்தார். முதல் தடவையாக, "குக்கு, பாய். முப்பது வருஷமா குக்கு" என்று சொன்னார். சொன்னபோது வெட்கமாக இல்லை. பெருமையாக இருந்தது.

நெய்னா கிழங்கின் உள்ளே இருந்ததையெல்லாம் முடித்துவிட்டு, மிச்சமிருந்த தோலை அப்பளம் மாதிரி உடைத்து வாயில் போட்டார். "கைமாலாம் கெடக்கட்டும் லா. இந்தத் தோலுதாண்ணே ருசி! எப்படி இப்படி மொறுகுது? என்ன எண்ணெய் தடவுனீங்க?"

சொல்வதற்காக வாயைத் திறந்தார் தாசன். திறந்த வாய் அப்படியே நின்றது.

எண்ணெயா? அவர் தடவியது டிரிப்பிங். சனிக்கிழமை வேலை முடிந்து கிளம்பும்போது, "டாசன், இது இல்லாமல் தோல் முறுகாதே" என்று துரைசானி எடுத்துக் கொடுத்த மைலோ டின். காலையில் வறுக்கிற பேக்கனிலிருந்து வடிகிற கொழுப்பை அவள் வீட்டில் அதில்தான் ஊற்றி வைப்பார்கள். ஆறியதும் டால்டா மாதிரி வெள்ளையாக உறைந்துவிடும். தினமும் விரலால் வழித்துத் தடவுகிற சாமான். அது இறைச்சி என்றோ, எந்தப் பிராணியின் உடம்பிலிருந்து வந்தது என்றோ அவர் நினைத்துப் பார்த்ததேயில்லை. அவர் பாஷையில் இறைச்சி என்பது துண்டு துண்டாக மேலே தூவுவது. இது கைக்குப் பழகிய வேலை. எண்ணெய் தடவுகிற வேலை. மேலே வைத்ததை எல்லாம் சல்லடை போட்டுச் சலித்த மனிதர், அடியில் கிடந்த தோலைப் பார்க்கவில்லை.

"என்னண்ணே, தொழில் ரகசியமா?" என்று நெய்னா சிரித்தார்.

"சாதா எண்ணெய்தான் பாய்," என்றார் தாசன்.

அவ்வளவுதான் சொன்னார். நாக்கு அவரைக் கேட்காமலே புரண்டுவிட்டது. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது. நெய்னா இன்னொரு தோலை எடுத்தபோது, "போதும் பாய், உப்பு ஜாஸ்தி, பிரஷர் வரும்" என்று தட்டைப் பிடுங்காத குறையாக நகர்த்தினார். பக்கத்து வீட்டில் காய்ச்சலோடு ஒருத்தி அதையே தின்றுகொண்டிருக்கிறாள் என்ற நினைப்பு அவரை நிற்கவிடவில்லை, உட்காரவிடவில்லை.

மறுநாள் மைலோ டின்னைக் குப்பைக் குழாயில் போட்டார். அடுப்பின் கம்பியைச் சவுக்காரம் போட்டுத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க அது சுத்தமாகவில்லை என்றே தோன்றியது. ரூபியிடம் மூச்சு விடவில்லை. அவள்தானே மாதா பேரைச் சொல்லி வாக்குக் கொடுத்தவள்!

அதன்பின் அவருக்கு லிஃப்டு எட்டிக்காயாகக் கசந்தது. லிஃப்டு வரும்வரை நின்றால் நெய்னா வந்துவிடுவார். படியில் இறங்கிப் போனார். படிக்குப் போகவும் அதே வாசலைத் தாண்ட வேண்டும் என்பதால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போன நாளும் உண்டு. நெய்னா அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். "இவ்ளோ பெரிய குக்கு, ஒரு வார்த்தை சொல்லல பாருங்க" என்று டன்லப் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தார். ஒவ்வொரு புகழ்ச்சியும் தாசனுக்குச் செருப்படி. ஒரு தடவை மைமூனே வாசலில் நிறுத்தி, "வாய்க் கசப்போட கெடந்தேன் அண்ணே. உங்க கெழங்கு தின்னுதான் நாக்குக்கு உசுரு வந்திச்சு" என்றாள். அன்று அவர் வேலைக்குப் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் சன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தார். சாமியார் பொறுமையாகக் கேட்டார்.

"குடுக்கும்போது தெரியுமா?"

"தெரியாது சாமி."

"அப்ப அது தவறுதல். கேட்டப்ப பொய் சொன்னீங்களே, அது பாவம். அதுக்கு நான் மன்னிப்பு வாங்கித் தரேன். ஆனா போய்ச் சொல்ல வேண்டியது அந்த மனுஷன்கிட்ட. என்கிட்ட சொல்லிட்டதால அது தீர்ந்துடாது."

சொல்லிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு நாளும் எழுந்தார். நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு, அவர்கள் நோன்பு முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். தள்ளுவதற்கு எப்போதும் ஒரு நாள் கிடைத்தது.

நோன்பு மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நெய்னாவே கதவைத் தட்டினார். மைமூனின் அண்ணன் அஸ்மத் குடும்பத்தோடு நோன்பு திறக்க வருகிறார். ஜரீனாவுக்கு அவர் கொண்டு வந்திருக்கும் மாப்பிள்ளை வீட்டாரும் வருகிறார்கள். எல்லோருக்கும் தாசண்ணன் கிழங்கு வேண்டும்.

"இன்னிக்கு எனக்கு உடம்பு..." என்று தாசன் இழுத்தார்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்ண்ணே. மைமூன் எல்லாம் கழுவி, குத்தி வச்சிட்டா. அடுப்ப மட்டும் எங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவோம். நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லுங்க." சொல்லிக்கொண்டே நெய்னா உள்ளே வந்து அடுப்பின் ஒரு பக்கத்தைப் பிடித்துவிட்டார். ரூபி, "பிடிங்க, ஒத்தை ஆளாத் தூக்குறாரு பாருங்க" என்றாள். தாசன் மறுபக்கத்தைப் பிடித்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

இரண்டு பேரும் அடுப்பைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் போனார்கள். வாசலில் அஸ்மத் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைத் தொப்பி, ஒட்ட வெட்டிய தாடி, கண்டிப்பான மனிதர். பின்னால் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் இருவர்.

"மாப்ள, ஒரு நிமிசம்," என்றார் அஸ்மத். "தப்பா நெனச்சுக்காதீங்க, பெரியவரே. இந்த அடுப்புல என்னென்ன வேகும்?"

தாசன் வாயைத் திறப்பதற்கு முன்னால் நெய்னா முந்திக்கொண்டார். "என்ன மச்சான் பேசுறீங்க! அண்ணன் வீட்ட எனக்குத் தெரியாதா? எனக்காகவே புதுசா வாங்குன அடுப்பு. நான் பொறுப்பு. என் வீட்டு அடுப்படி மாதிரி சுத்தம்."

வாசற்படிக்கு இன்னும் ஓர் அடிதான் இருந்தது. இந்தப் படியைத் தாண்டினால், பிறகு எந்த நாளைக்கும் தள்ள முடியாது. தாசன் அடுப்பைக் கீழே இறக்கினார். நெய்னாவும் குனிந்து இறக்க வேண்டியதாயிற்று.

"பாய், உள்ள கொண்டு போகாதீங்க," என்றார் தாசன். குரல் அவருடையதாகவே இல்லை. "ஈஸ்டர் அன்னிக்குத் தோலுல தடவுனது சாதா எண்ணெய் இல்ல. பன்னிக் கொழுப்பு. பேஸ்ல குடுத்தது. கைப்பழக்கத்துல தடவிட்டேன். நீங்க கேட்டப்பதான் எனக்கே உறைச்சிது. கேட்டப்ப பொய் சொல்லிட்டேன்."

அதையும் அவர் எங்கே வைத்துச் சொன்னார் பாருங்கள். தனியாகச் சொல்ல ஏழு எட்டு வாரம் இருந்தது. அப்போதெல்லாம் விட்டுவிட்டு, மச்சான் முன்னால், சம்பந்தியாக வரப்போகிறவர்கள் முன்னால், நெய்னா வாய் நிறையப் பொறுப்பு சொன்ன மறுநொடியில் சொன்னார். நெய்னாவின் முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே மைமூன் வாயில் முந்தானையை வைத்துப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் தரையைப் பார்த்தார்.

நெய்னா குனிந்து அடுப்பின் தன் பக்கத்தைப் பிடித்தார். தாசனும் பிடித்தார். ஒற்றை ஆளால் தூக்க முடியாத அடுப்பு. இரண்டு பேரும் அதே நடைபாதையில் திரும்பி நடந்து, ரூபியின் சமையல் மேசைமேல் அதை வைத்தார்கள்.

"கையக் கழுவிக்குங்க பாய்," என்றார் தாசன்.

"எங்க வீட்ல கழுவிக்கிறேன்," என்றார் நெய்னா. வாசல்வரை போய்த் திரும்பினார். "தெரியாமத் தின்னதுக்கு எங்களுக்கும் குத்தமில்ல. தெரியாமக் குடுத்ததுக்கு உங்களுக்கும் குத்தமில்ல. ஆனா எத்தனை நாளு என் மொகத்தப் பாத்துச் சிரிச்சீங்கண்ணே. அதத்தான் நெனச்சுப் பாக்குறேன்."

அவர் போன பிறகு ரூபி கேட்டாள், தெரிந்துகொண்டாள். கத்துவாள் என்று தாசன் எதிர்பார்த்தார். கத்தவில்லை. "அவ கையப் புடிச்சு சத்தியம் பண்ணினேங்க," என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். கத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் ஜரீனா நடைபாதைப் பூந்தொட்டியிலிருந்து மண்ணை அள்ளி ஒரு வாளியில் போட்டுக்கொண்டு போனாள். பிறகு பக்கத்து வீட்டுச் சமையலறையில் தண்ணீர் விழும் சத்தம், பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம். மண் கலந்த தண்ணீரில் ஒரு தடவை, நல்ல தண்ணீரில் ஆறு தடவை. அவர்கள் முறை அது. தாசனுக்கு அது தெரியும். பேஸில் மலாய்க்காரப் பையன்கள் செய்து பார்த்திருக்கிறார். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தச் சத்தம் முழுவதையும் கேட்டார். எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. கேட்டுத்தான் தீர வேண்டும் என்று தோன்றியது.

அடுப்பை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். ஜரீனாவின் கல்யாணப் பேச்சு நல்லவேளையாக முறியவில்லை. ஆனால் அஸ்மத் அதன்பிறகு நெய்னா எதற்குப் பொறுப்பு சொன்னாலும், "விசாரிச்சுட்டுச் சொல்லுங்க மாப்ள" என்பாராம். அது தாசன் காதுக்கும் வந்தது. ஒன்று மட்டும் மாறிவிட்டது: யாராவது அவரிடம் என்ன வேலை என்று கேட்டால், "குக்கு" என்று உடனே சொன்னார். அந்தப் பழைய வெட்கத்துக்கு இப்போது அவரிடம் இடமில்லாமல் போயிற்று.

பெருநாள் வந்தது. இந்த வருஷம் ஒன்றும் வராது என்று ரூபி எதிர்பார்த்திருந்தாள். காலையிலேயே மணி அடித்தது. ஜரீனா புதுச் சட்டையில் நின்றாள். கையில் வட்டிலப்பம், எப்போதும் போல முந்திரி போட்டு. காகிதத் தட்டில்.

"வாப்பா குடுக்கச் சொன்னாங்க அங்கிள்," என்றாள். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "தட்ட திருப்பித் தர வேணாம்னு உம்மா சொல்லச் சொன்னாங்க" என்றாள்.

"சரிம்மா. பெருநாள் வாழ்த்துன்னு சொல்லு," என்றார் தாசன்.

ரூபி அதை மேசைமேல் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். தாசன் ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டார். தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் அதே ருசிதான். அதற்குமேல் எடுக்காமல் கரண்டியைக் கீழே வைத்தார்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பியபோது மைமூன் வாசலில் இருந்த பூந்தொட்டிக்கு அடியில் அதைப் பார்த்தார். வழிகிற தண்ணீர் தரையில் ஓடாமல் இருக்க நீலப்பூத் தட்டை வைத்திருந்தார்கள். அவர்கள் அதை உடைக்கவுமில்லை, எறியவுமில்லை. ஏழு தடவை கழுவிய பிறகும் அடுப்படிக்குள் மட்டும் அது திரும்பவில்லை. ஓரத்துப் பூக்களின்மேல் மண் படிந்து கிடந்தது. உள்ளேயிருந்து எந்தக் குரலும் வரவில்லை. அவர் தோல் பையைக் கை மாற்றிக்கொண்டு, தட்டில் கால் பட்டுவிடாமல் ஒதுங்கி, லிஃப்டுக்கு நடந்தார். அந்த வீட்டில் இருந்தவரை தினமும் அப்படித்தான் நடந்தார்.